'தி' எங்கே?

1761-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரன் 1947-ல் மூட்டை கட்டினான். இங்கிலீஷ் 'தி'யை மட்டும் நம்ம தலையில் கட்டிவிட்டுப் போனான்! தமிழில் அப்படியொரு சொல்லே கிடையாது. எங்கே போடுவது, எங்கே விடுவது?

செஞ்சியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன அக்கா மகள், அமெரிக்கக் கம்பெனியில் லீவு கேட்டு எழுதினாள்: 'மதர் இஸ் இன் ஹாஸ்பிடல்.' "தி எங்கே?" என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அன்றிலிருந்து பெண் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை.

"அடி பைத்தியமே! அமெரிக்காவில்தான் 'இன் தி ஹாஸ்பிடல்'. லண்டனில், நோயாளியாகப் படுத்தால் 'தி' கிடையாது. பார்க்கப் போறவங்களுக்குத்தான் 'தி'. நாம படிச்சது லண்டன் பாடம். நீ எழுதினது சரி!" என்றேன்.

இலக்கணம் பார்த்த அந்த மனுஷர், அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்கவே இல்லையாம்!