கட்டக்கோரையும் வைட்டமின் சி-யும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

எங்கள் ஆய்வகத்து அலமாரியில் வெளிறிய பொடி நிறைந்த புட்டி ஒன்று உண்டு. மேலே 'சோடியம் ஆல்ஜினேட்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். சென்ற பருவத்தில் பேராசிரியர் அதைக் கையில் எடுத்து, "பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து வருவது. நம் மன்னார் வளைகுடாவிலேயே சர்காஸம் என்ற பாசி இருக்கிறது" என்று கூறிக் கரும்பலகையில் படம் வரைந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் கட்டக்கோரை! என் அம்மா விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, கடலில் மூழ்கிப் பறித்து, காயவைத்து, வியாபாரியிடம் எடைக்குப் போடும் பாசி. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியவளும் நான்தான். அன்று வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ஆல்ஜினேட் இயற்கை தந்த பாலிமர். 1881-இல் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலார் ஸ்காட்லாந்துக் கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தார். இதன் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால், ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல் திரளும். கால்சியம் அயனிகள் அடுத்தடுத்த சங்கிலிகளைப் பிணைத்துவிடுகின்றன. அந்த உருண்டைக்குள் வைட்டமின் சி, மஞ்சளின் குர்க்குமின் போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களை அடைக்கலாம். பிறவற்றைக் காக்கத் தாமே முந்திக்கொண்டு கெட்டுப்போகும் பொருள்கள் அவை. அவற்றுக்கே ஒரு காவல் வேண்டியிருக்கிறது! வயிற்று அமிலத்தில் உருண்டை சுருங்கி நிற்கும். குடலில் உப்பி உள்ளிருப்பதை விடும். மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பிளாஸ்டிக்குக்கு இந்தக் குணம் ஏது?

நாங்கள் வைட்டமின் சி-யை அடைத்துப் பார்த்தோம். உருண்டைகள் அழகாகத்தான் வந்தன. ஆனால் சற்று நேரம் கழித்து வெளிக்கரைசலில் அயோடினைச் சொட்டியபோது, அதன் நிறம் மறைந்துகொண்டே போயிற்று. வைட்டமின் வெளியே கசிந்துவிட்டது! பெரிய கண் வலையில் நெத்திலி நிற்குமா? இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மேலே பூசினால் கசிவு குறையும் என்றார் பேராசிரியர். மின்னூட்டம் எதிரானதால் தோல்போல் ஒட்டிக்கொள்ளுமாம். நல்லதுதான். ஆனால் கைட்டோசான் செய்யக் கடுங்காரம் வேண்டும். அந்தக் கழிவைக் கடலில் விட்டுவிட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பெயர் சூட்டினால் கடற்கரைக்காரி நான் எப்படி நம்புவேன்?

விடுமுறையில் சில உருண்டைகளைச் சிறு குப்பியில் கொண்டுபோனேன். அம்மா உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதுவா நம்ம கோரை?"

"ஆமாம்மா."

"அடியோட பிடுங்குனா மறு வருசம் முளைக்காது தாயி. பாறையில அடிய விட்டுட்டு மேலதான் அறுக்கணும். அத உங்க புஸ்தகத்துல எழுதியிருக்காகளா?"

எழுதியிருக்கவில்லை. ஆகவே என் செய்முறை ஏட்டில், மூலப்பொருள் என்ற தலைப்பின்கீழ் நானே எழுதினேன். ஏடு திரும்பி வந்தபோது பக்கத்தில் சிவப்பு மையில் 'யார் சொன்னது?' என்று இருந்தது. 'என் அம்மா. பாசி எடுப்பவர்' என்று கீழே எழுதிக் கொடுத்தேன்.