பான்ஸ்கோவின் வாசற்கதவுகள்

பல்கேரியாவின் தென்மேற்கில், பிரின் மலைத்தொடரின் அடிவாரத்தில், சுமார் 930 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பான்ஸ்கோ, வெளிநாட்டுப் பயணிகளிடம் பனிச்சறுக்கு நகரமாகவே பெயர் பெற்றிருக்கிறது. குளிர்காலக் காலையில் ரோப்கார் வரிசையில் நின்று மேலே போய், நாள் முழுதும் சறுக்கிவிட்டு, இருட்டியதும் விடுதிக்குத் திரும்புகிறவருக்குக் கல் பாவிய சந்துகளாலான பழைய ஊர் கண்ணில் படுவதேயில்லை. இது பெரிய இழப்பு. மலையைவிட ஆழமாக மனத்தில் தங்குவது அந்தச் சந்துகளின் வாசற்கதவுகளே.

ஒட்டோமான் ஆட்சிக்காலத்தில் வியன்னா வரை வணிகம் செய்து பொருளீட்டிய குடும்பங்கள், கொள்ளையருக்கு அஞ்சி உயர்ந்த கல் மதிலும் கனத்த மரக்கதவும் வைத்துக் கட்டிய வீடுகள் இவை. இக்கதவுகளில் கறுப்புக் கரையிட்ட தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணும் புதியவர், முதலில் அவற்றைத் தேர்தல் விளம்பரம் என்றோ காணாமற்போனவர் பற்றிய அறிவிப்பு என்றோ எண்ணிவிடுவது இயல்பு. அவை ‘நெக்ரோலொக்’ எனப்படும் இறப்பு அறிவிப்புகள். இறந்தவரின் படம், பெயர், வயது, குடும்பத்தாரின் சில சொற்கள், இவ்வளவே அவற்றில் இருக்கும்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமான வழக்கமன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் ஊரில் அஞ்சலிச் சுவரொட்டி தெருவுக்கு உரியது, காரியம் முடிந்த சில நாள்களில் அதன்மேல் சினிமாச் சுவரொட்டி ஏறிவிடும். பல்கேரியாவிலோ நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாதத்துக்கு ஒன்று, ஆண்டு நிறைவுக்கு ஒன்று, பத்தாம், இருபதாம் ஆண்டுக்கும் ஒன்று எனப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மழைநீர் புகுந்து மை கரைந்து, முகத்தில் பாதி வெளுத்துப்போன பழைய தாளின் பக்கத்திலேயே அதே முகத்தின் புதிய அச்சு மினுங்குவதும் உண்டு. அந்தக் கதவின் தாழ்ப்பாளில் துருப்பிடித்த பூட்டும் தொங்குமானால், பார்ப்பவரின் மனம் கனத்துவிடுகிறது. 1980களின் இறுதியில் ஏறத்தாழ 90 இலட்சமாக இருந்த இந்நாட்டின் மக்கள்தொகை, 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 இலட்சமாகச் சுருங்கியது. இளையோர் பிழைப்புக்காக மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்விட, மூத்தோர் ஒவ்வொருவராக மறைய, நாட்டின் எத்தனையோ வீடுகளில் குடியிருப்பவர் என்று சொல்ல எஞ்சியிருப்பது அந்தத் தாள் மட்டுமே.

தாளைத் தாண்டியும் சிலரின் நினைவு நிலைக்கிறது. பான்ஸ்கோவில் 1909இல் பிறந்த கவிஞர் நிக்கோலா வப்த்சாரொவ், ஜெர்மனியின் பக்கம் நின்ற அரசால் 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

மலையும் தன் பங்குக்கு நினைவு சேர்த்து வைத்திருக்கிறது. 2,914 மீட்டர் உயரமுள்ள விஹ்ரென் சிகரத்துக்குப் போகும் வழியில், சுமார் 1,300 வயதுடையதாக மதிப்பிடப்படும் பைகுஷெவ் ஊசியிலை மரம் நிற்கிறது. பிரின் தேசியப் பூங்கா 1983இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பூங்காவில் சறுக்குத் தடங்களை விரிவாக்க வழிசெய்த அரசின் முடிவை எதிர்த்து 2018இல் தலைநகர் சோபியாவில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருக்கிறது: வெட்டிய காட்டுக்கு அஞ்சலித் தாள் ஒட்டுவாரில்லை.

பனிச்சறுக்குக் காலத்தின் நடுவில், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்குச் சற்று முன்வரும் ஒரு சனிக்கிழமை, ‘சதுஷ்னிட்சா’ எனப்படும் நீத்தார் நினைவு நாள். அன்று கல்லறைத் தோட்டத்தில், வேகவைத்த கோதுமையில் சர்க்கரை கலந்து, இறந்தவர் பெயரால் அருகில் இருப்போர்க்கெல்லாம் வழங்குகிறார்கள். உறவினரா அயலாரா என்று பார்ப்பதில்லை. தாளில் பெயராக மட்டும் இருந்தவர், ஒரு கரண்டிக் கோதுமையாக அயலவரின் உள்ளங்கைக்கு வந்துசேர்கிறார். பெறுபவர் ‘நன்றி’ என்று சொல்வது அங்கு வழக்கமன்று. ‘போக் த ப்ரோஸ்தி’, அதாவது ‘கடவுள் மன்னிக்கட்டும்’ என்று இறந்தவருக்காகச் சொல்ல வேண்டும். பான்ஸ்கோவுக்குச் செல்பவர்கள் சறுக்கப் பழகும் முன் இந்த மூன்று சொற்களைப் பழகிக்கொள்ளட்டும்.