பொருந்தினால் மட்டும் போதுமா? – யு.எஸ்.பி. கேபிள் தேர்வு

ஒரு கல்லூரி மாணவர். அவர் வீட்டில் பாட்டியின் தலைத்திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லை. ரேஷன் கார்டில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பாட்டியின் முகம் புள்ளி புள்ளியாக ஆனதுதான் மிச்சம்!

அப்போதுதான் அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமரா நினைவுக்கு வந்தது. 2009-ல் வாங்கியது. பீரோவின் அடித்தட்டில், உறைக்குள் பத்திரமாக இருந்தது. பேட்டரியைக் கழற்றி அதன் சார்ஜரில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டதும் கேமரா உயிர் பெற்றது. திரையில் 14 படங்கள். அதில் ஒன்றில் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். வீடே அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றது.

சரி, படத்தை வெளியே எடுப்பது எப்படி? மெமரி கார்டு போடும் இடத்தில் ஸ்பிரிங் போய்விட்டது, கார்டு நிற்பதில்லை. படங்கள் கேமராவின் உள் நினைவகத்திலேயே இருக்கின்றன. கேபிள் ஒன்றுதான் வழி. மேசை இழுப்பறையைத் திறந்தால் ஏழு கேபிள்கள் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் கணினிப் பக்கம் சரியாகப் போனது. கேமராப் பக்கம் ஒன்றுகூட உட்காரவில்லை. ஒன்று மட்டும் ஏறக்குறையப் பொருந்துவது போல் இருந்தது. மாணவர் கொஞ்சம் பலம் கொடுத்தார்.

"அமுக்காதேடா! உள்ளே பின் வளைஞ்சுட்டா அப்புறம் பாட்டி போட்டோவும் போச்சு" என்று அப்பா கத்தினார்.

அந்த ஒரு சத்தம்தான் படங்களைக் காப்பாற்றியது. எல்லாமே யு.எஸ்.பி. என்றால் ஏன் பொருந்தவில்லை? பொருந்தினாலும் ஏன் சில கேபிள்கள் வேலை செய்வதில்லை? கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

பெயர் ஒன்று, வாய் பல

யு.எஸ்.பி. என்றால் யுனிவர்சல் சீரியல் பஸ். 1996-ல் முதல் பதிப்பு வந்தது. அதற்கு முன் விசைப்பலகைக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று கணினியின் முதுகு முழுக்கத் துளைகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்று உழைத்தவர்களில் முக்கியமானவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் பொறியியல் படித்த இந்தியர்! முதல் பிளக் ஒரு பக்கமாகத்தான் போகும், திருப்பிப் போட்டால் போகாது. இரு பக்கமும் பொருந்தும்படி செய்தால் ஒயரும் சர்க்யூட்டும் கூடும், விலை ஏறும் என்பதால் அப்படி விட்டார்கள். பிளக்கின் மேல் திரிசூலம் போன்ற குறி இருக்கும். படுக்கைவாட்டில் இருக்கும் துளையில் பெரும்பாலும் அந்தக் குறி மேலே பார்க்க வேண்டும்.

கணினிப் பக்கம் ஒரே வாய்தான். அதன் பெயர் டைப் ஏ. கருவிப் பக்கம்தான் குழப்பம். பிரிண்டருக்குச் சதுரமான டைப் பி. சிறிய கருவிகளுக்கு மினி, அதில் 5 பின். கேனன் நிறுவனத்தின் பல சிறிய கேமராக்களில் இதுதான். 2007-ல் அதைவிடத் தட்டையான மைக்ரோ வந்தது. மினி 5,000 முறை செருகி எடுக்கத் தாங்கும், மைக்ரோ 10,000 முறை தாங்க வேண்டும் என்பது விதி. தினமும் சார்ஜ் ஏற்றும் செல்பேசிகளுக்கு அது தேவையாக இருந்தது.

இது போதாதென்று கேமரா நிறுவனங்கள் சொந்தமாகவும் வாய்களைச் செய்தன. நிக்கான், பானசோனிக், பென்டாக்ஸ் கேமராக்கள் பலவற்றில் 8 பின் கொண்ட தட்டையான வாய். ஒலிம்பஸில் பலவற்றுக்கு 12 பின். ஒரே துளை வழியாகப் படமும் போக வேண்டும், டிவிக்கு வீடியோவும் ஆடியோவும் போக வேண்டும் என்பதால் கூடுதல் பின்கள். தூரத்திலிருந்து பார்த்தால் 8 பின்னும் மினியும் அண்ணன் தம்பி போல இருக்கும். மாணவர் ஏமாந்தது இங்கேதான்!

உள்ளே எத்தனை ஒயர்?

வாய் பொருந்திவிட்டது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் கணினியில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த அனுபவம் இல்லாதவர் குறைவு. செல்பேசியைக் குறை சொல்வார்கள், கணினிக்கு வைரஸ் என்பார்கள். பல நேரம் குற்றவாளி கேபிள்தான்.

சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு ஒயர்கள் உண்டு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. விலை குறைந்த சில கேபிள்களில் வெள்ளையும் பச்சையும் இருக்கவே இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதில் சார்ஜ் ஏறும், ஒரு படம்கூட நகராது. ஆண்ட்ராய்டு செல்பேசியைக் கணினியில் செருகியதும் கோப்புகளை மாற்றவா என்ற தேர்வு எங்குமே வரவில்லை என்றால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இந்த இரண்டு ஒயர் கேபிளைத் தூக்கி எறியவும் வேண்டாம். பேருந்து நிலையத்திலோ விமான நிலையத்திலோ முன்பின் தெரியாத துளையில் சார்ஜ் போட நேர்ந்தால் அதுவே பாதுகாப்பு. தகவல் ஒயர் இல்லாததால் எதிர்ப்பக்கம் எதையும் திருட முடியாது.

ஒயரின் தடிமன்

சார்ஜ் ஆமை வேகத்தில் ஏறுவதற்கும் கேபிள் காரணமாக இருக்கலாம். பழைய கேபிள்கள் சிலவற்றின் மேல் 28 என்றோ 24 என்றோ கேஜ் எண் அச்சிட்டிருக்கும். எண் குறைந்தால் ஒயர் தடிமன் என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போக 2, வர 2 என்று மொத்தம் 4 மீட்டர் பயணம். 28 கேஜ் செம்பு ஒயரில் 1 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 0.85 வோல்ட் தொலைந்துபோகும். 24 கேஜ் என்றால் சுமார் 0.34 வோல்ட்தான். புறப்படுவதே 5 வோல்ட்! அதில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் போனால் செல்பேசி தயங்காமல் என்ன செய்யும்? நீளம் பாதியானால் இழப்பும் பாதியாகும். படுக்கையில் படுத்தபடி பேச 3 மீட்டர் கேபிள் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டைப் சி வந்தது, குழப்பம் தீர்ந்ததா?

2014-ல் டைப் சி வந்தது. எப்படித் திருப்பிப் போட்டாலும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டமே இயற்றி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய செல்பேசி, டேப்லெட், டிஜிட்டல் கேமரா ஆகியவற்றில் கம்பி வழி சார்ஜுக்கு டைப் சி கட்டாயம் என்றது. அதற்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15 தன் பழைய லைட்னிங் வாயை விட்டுவிட்டு இதற்கு மாறியது.

வாய் ஒன்றானது நல்லதுதான். ஆனால் முன்பு வாயைப் பார்த்தாவது வித்தியாசம் தெரிந்தது. இப்போது எல்லாம் ஒரே முகம், உள்ளே வேறு வேறு குணம்! ஒரு டைப் சி கேபிள் யு.எஸ்.பி. 2.0 வேகத்தில், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்டில் ஓடும். அதே முகமுள்ள இன்னொன்று 10 கிகாபிட்டிலோ 40 கிகாபிட்டிலோ ஓடும். கேமராவில் எடுத்த 32 ஜி.பி. வீடியோவை நகர்த்த முதல் கேபிளுக்குக் கால் மணி நேரம் ஆகலாம். ஐபோன் 15 ப்ரோ 10 கிகாபிட் வேகத்துக்குத் தயார், ஆனால் பெட்டியில் கூடவே வந்த கேபிள் யு.எஸ்.பி. 2.0 தான். வேகம் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும்.

மின்சாரத்திலும் இப்படித்தான். இரு முனையும் டைப் சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போக, பிளக்குக்குள் தன் திறனைச் சொல்லும் ஒரு சிறு சிப் இருக்க வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி உச்சம் 240 வாட்.

தவறான கேபிள் ஆபத்தாகவும் முடியும். பழைய டைப் ஏ முனையும் புதிய டைப் சி முனையும் கொண்ட கேபிளில் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் போட்டால், செல்பேசி எதிரே பலமான சார்ஜர் இருப்பதாக நம்பி அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் இத்தகைய கேபிள்களை வாங்கிச் சோதித்துப் பொதுவில் எழுதினார். 2016 பிப்ரவரியில் ஒயர்கள் இடம் மாறியிருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கிவிட்டது. சோதிக்கத் தெரிந்தவருக்கே அந்த நிலை!

வாங்கும்போது கவனிக்க

1. கருவியைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். செருகிப் பார்த்து வாங்குவதே நல்லது.

2. "சார்ஜ் மட்டுமா, டேட்டாவும் போகுமா?" என்று கேளுங்கள்.

3. தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். பெரும்பாலும் 1 மீட்டர் போதும்.

4. அட்டையில் வேகமும் வாட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'பாஸ்ட்' என்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமில்லை.

5. கேமராவில் கார்டு நன்றாக இருந்தால் கேபிளைத் தேடி அலைய வேண்டாம். ஒரு கார்டு ரீடர் வேலையை முடித்துவிடும்.

6. போகாத இடத்தில் அமுக்கவே கூடாது!

பாட்டியின் படம்

மாணவர் கதைக்கு வரலாம். ஊர்க் கடையில் 'கேமரா கேபிள்' என்று கேட்டு வாங்கியது மினி. வீட்டுக்கு வந்து பார்த்தால் இழுப்பறையில் கிடந்த அதே வாய்! திவசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார். இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் இருந்தார்.

"மாடல் பேரெல்லாம் வேணாம் தம்பி. கேமராவைக் கொண்டு வந்திருக்கியா?"

"இருக்குண்ணே."

வாங்கிப் பார்த்தவர், விளக்கு வெளிச்சத்தில் அந்தத் துளையை ஒரு முறை சாய்த்துப் பார்த்தார். "எட்டு பின். இதுக்கு மினியைப் போட்டு அழுத்திப் பார்த்திருக்கீங்க போல. நல்ல வேளை, பின் வளையல" என்றபடி உள்ளே போய் ஒரு தூசி படிந்த பாக்கெட்டோடு வந்தார். கேபிள் டக்கென்று உட்கார்ந்தது.

வீட்டில் கணினியோடு இணைத்ததும் 14 படங்களும் வரிசையாக வந்தன. மொத்தமே ஏறக்குறைய 40 எம்.பி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாள் அலைச்சல்! கீரை ஆயும் படம் திவசத்தன்று மாலையோடு சுவரில் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் "அம்மா சிரிச்ச மாதிரியே இருக்கே" என்றார்கள்.

அன்று இரவு மாணவர் இரண்டு வேலைகள் செய்தார். படங்களை இன்னும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்தார். பிறகு ஒரு துண்டு டேப்பில் 'அப்பா கேமரா' என்று எழுதி அந்தக் கேபிளில் ஒட்டி, கேமரா உறைக்குள்ளேயே சுருட்டி வைத்தார்.

உங்கள் வீட்டு இழுப்பறையிலும் ஒரு கேபிள் சிக்கல் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பாருங்கள். பழைய கேமரா ஏதாவது பீரோவில் தூங்கினால், அதற்கான கேபிள் கடையில் கிடைக்கும்போதே படங்களை வெளியே எடுத்துவிடுங்கள்.