ஷெங்கனில் ஒரு பகல், அம்மாவின் 78 நாள்

ஷெங்கன் என்றால் விசா என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அது ஓர் ஊரின் பெயர். லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே இருக்கும் சிற்றூர். ஆற்றைக் கடந்தால் ஜெர்மனி. கொஞ்சம் நடந்தால் பிரான்ஸ். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வரிசையாக நிற்கும் பெட்ரோல் நிலையங்கள்தான். லக்சம்பர்க்கில் பெட்ரோல் விலை குறைவு. அண்டை நாட்டுக்காரர்கள் டேங்க் நிரப்ப வருகிறார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் ஜொகூர் பாருவுக்கு வருவது போலத்தான்.

1985 ஜூன் 14 அன்று, இந்த ஊர் ஆற்றில் நின்ற 'பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட்' என்ற பயணக் கப்பலில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதுதான் நோக்கம். அது நடைமுறைக்கு வர 1995 மார்ச் வரை ஆனது. இன்று இந்த வட்டத்தில் 29 நாடுகள். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பயணம் திட்டமிடும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடமானது அம்மாவால்.

அக்கா ஜெர்மனியின் ட்ரியர் நகரில் இருக்கிறார். தலைப்பிரசவம். 2025 மார்ச் 14 என்று நாள் குறித்திருந்தார்கள். ஜனவரியில் டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டதால், அம்மா பிப்ரவரி 1ஆம் தேதியே அங்கே போய் இறங்குவது என்று முடிவானது. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே குறுகிய காலம் தங்க விசா தேவையில்லை. 90 நாள் இருக்கலாம். பிப்ரவரி 1 முதல் எண்ணினால் மே 1 வரை. பிரசவம், பத்தியம், முப்பதாம் நாள் தொட்டில் போடுவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் சட்டம் 90 நாள் என்று மட்டும் சொல்லவில்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் என்கிறது. அந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும் அரையாண்டு அல்ல; அது நம்மோடு நகர்ந்துகொண்டே வரும். அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்ப்பார்கள். அதில் ஷெங்கனுக்குள் கழித்த நாள்களைக் கூட்டினால் 90ஐத் தாண்டக்கூடாது. இறங்கிய நாளும் ஒரு நாள், கிளம்பிய நாளும் ஒரு நாள். பாரிஸில் இருந்தாலும் ரோமில் இருந்தாலும் ஒரே கணக்கு.

அம்மாவோ டிசம்பர் 10 முதல் 21 வரை தோழிகளுடன் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் என்று சுற்றுலா போய் வந்திருந்தார். அக்கா உண்டாவதற்கு முன்பே, மே மாதத்திலேயே பணம் கட்டிய பயணம் அது. அந்த 12 நாளும் கணக்கில் ஏறிவிட்டன. மீதம் 78. பிப்ரவரி 1இல் தொடங்கினால் ஏப்ரல் 19 கடைசி நாள். ஐரோப்பிய ஆணையத்தின் இணையத்தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. அதில் நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஏப்ரல் 19தான் வந்தது.

"நடுவுல ஒரு தடவை லண்டனுக்குப் போய் சாப் வாங்கிட்டு வந்தா ஆகாதா?" என்று அம்மா கேட்டார். ஹாட்யாய் போய்வந்து பழகிய தலைமுறை. ஆகாது. வெளியே இருக்கும் நாள்கள் எண்ணிக்கையில் சேராதே தவிர, ஏற்கெனவே கழித்த நாள்கள் அழியாது. எங்கள் வானொலியில் விசா பற்றிப் பேசினால் போதும், வாட்ஸ்அப்பில் இதே கேள்வி குறைந்தது பத்துப் பேரிடமிருந்து வரும்.

90 நாளுக்கு மேல் தங்க வேண்டுமானால் அந்தந்த நாட்டின் தேசிய விசா வேண்டும். அதில் இன்னொரு பாகுபாடும் உண்டு. ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக்காரர்கள் ஜெர்மனியில் இறங்கிய பிறகும் நீண்ட கால அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். நாம் புறப்படுவதற்கு முன்பே தூதரகத்தில் வாங்கியாக வேண்டும். மகளின் பிரசவத்துக்கு உதவுவது அதற்குப் போதிய காரணமாகவும் இராது. தங்கும் காலத்தை நீட்டிக்கலாமா என்று அக்கா அங்குள்ள அலுவலகத்தில் கேட்டார். மருத்துவமனையில் படுத்திருப்பது போன்ற அவசரம் இருந்தால் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். மீறித் தங்கினால் அபராதம் வரலாம், நுழைவுத் தடையும் வரலாம். பேத்தியைப் பார்க்கவே முடியாமல் போகும் அந்த ஆபத்தை யாரும் விரும்பவில்லை.

பெட்டி கட்டியது தனிக் கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. மீனுக்கு அனுமதி உண்டு. வீட்டில் உருக்கிய நெய் கிள்ளானிலேயே நின்றுவிட்டது. நெத்திலிக் கருவாடு ஜெர்மனி போய்ச் சேர்ந்தது.

குழந்தை ஒன்பது நாள் தாமதமாக, மார்ச் 23 அன்று பிறந்தாள். முப்பதாம் நாள் ஏப்ரல் 21. அம்மா 19ஆம் தேதி கிளம்பியாக வேண்டும்.

அம்மாவை அழைத்துவர நான் ஏப்ரலில் போனேன். அத்தான் வீட்டில் இருந்த ஒரு பகலில், "எங்கேயாவது காத்தாட போயிட்டு வாங்க" என்று அக்காவே எங்களை வெளியே தள்ளினார். ட்ரியரிலிருந்து பெர்ல் என்ற ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே இறங்கி, பாலத்தில் நடந்து ஆற்றைத் தாண்டினால் ஷெங்கன். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருந்ததால் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தோம். பாலத்தில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. இந்த இடத்தில் மோசெல் ஆறு ஜெர்மனிக்கும் லக்சம்பர்க்குக்கும் பொதுச் சொத்து. எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடவில்லை. கரைக்குக் கரை இரண்டு பேருக்கும் உரியது.

இதைச் சொன்னதும் அம்மா பாலத்தின் நடுவில் நின்றார். "அப்போ இங்கேயே நின்னா எந்த நாட்டுக் கணக்கு?" என்றார். இரண்டும் ஷெங்கன்தான் அம்மா என்றேன். சிரித்தார், பிறகு பேசவில்லை. கரையில் பெர்லின் சுவரின் துண்டுகள் நிற்கின்றன. ஒப்பந்த நாடுகளுக்கான நினைவுத் தூண்களும் உண்டு. அருங்காட்சியகத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடித்தோம். (அந்தப் பழைய கப்பலை 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி இப்போது கரையோரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். லக்சம்பர்க்கில் பேருந்து, ரயில் எல்லாம் 2020 முதல் இலவசம். போகிறவர்கள் நகரத்திலிருந்து செலவில்லாமல் வரலாம்.)

தொட்டிலை 27ஆம் நாளிலேயே போட்டோம். அன்று ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ஜெர்மனியில் கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்பதால் பூவை முதல் நாளே வாங்கி வைத்தோம். முறைப்படி மூன்று நாள் குறைகிறதே என்று அக்கா தயங்கினார். "சாமிக்கு விசா தெரியும்" என்று முடித்துவிட்டார் அம்மா.

இப்போது போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை தொடங்கிவிட்டது. நாள்களை இனி கணினி எண்ணும். அடுத்து நம்மைப் போல விசா தேவைப்படாதவர்களுக்கு 20 யூரோ கட்டணத்தில் இணைய முன் அனுமதி வரவிருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் இல்லை. அது வந்தாலும் 90 நாள் 90 நாள்தான்.

பிராங்பர்ட் விமான நிலையத்தில் அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டி, டிசம்பர் முத்திரைகளைத் தேடி, விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப் குத்தினார். விமானத்தில் ஏறி பெல்ட் போட்டதும் அம்மா கேட்டார், மறுபடி எப்போது வரலாம் என்று. தொடர்ந்து 90 நாள் வெளியே இருந்தால் முழுக் கணக்கும் புதிதாகக் கிடைக்கும், ஜூலை 19 என்றேன்.

கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார்.

"அப்போ நாலு மாசம். குப்புற விழுந்திருப்பா."