ஆயாவின் படத்துக்கு ஒரு சட்டம்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று நழுவப் பார்த்தேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா, போதும்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது, வீட்டில் ஒரு படத்துக்கு நானே மரச்சட்டம் போட்ட கதைதான். அதையே எழுதுகிறேன்.

எனக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்பீர்கள். உண்மைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது. ஓலையில் ஒருவர் பெயரை எழுதிக் குடத்தில் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70 வரை வயது என்று தகுதி சொல்கிறது கல்வெட்டு. எங்க அப்பாவுக்கு அதில் வயது மட்டும்தான் பொருந்தும்! அவர் கொத்தனார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

நிலத்தைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பக்கத்தில் நின்ற அப்பா, "இன்னா எழுதின?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போடுப்பா" என்றேன். நிதானமாகப் போட்டார்.

இனி படத்துக்கு வருகிறேன். அது வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன். என்றோ மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர். தேதி போனாலும் படத்தை ஆயா விடவில்லை. நம் வீடுகளில் இருக்கும் இப்படிப்பட்ட படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் சாமி படங்கள் மலிவு விலையில் சாதாரண வீடுகளுக்கும் வரத் தொடங்கின. பிறகு நம் பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைய, சிவகாசி அச்சகங்கள் அச்சடிக்க, குடிசைச் சுவரிலும் சாமி குடியேறியது. தங்கரேக்கு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு காலண்டர்தான் ஓவியம்.

ஆயா போன ஐப்பசியில் இறந்துவிட்டாள். சுவரில் மாட்ட அவளுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை. அவள் தினமும் விபூதி பூசிக் கும்பிட்ட அந்தப் படம்தான் மிச்சம். அதுவும் சுவரின் ஈரத்தில் ஓரம் ஊதி, பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்தது. "அடுத்த மழைக்குத் தாங்காதுடா" என்றாள் அம்மா. பஜாரில் பிரேம் போட விலை கேட்டேன். அம்மாவின் இரண்டு நாள் கூலி!

நான்தான் மெக்கானிக்கல் ஆச்சே! கார்பென்ட்ரி ஷாப்பில் ஹாஃப் லேப், டவ்டெயில் எல்லாம் போட்டு மார்க் வாங்கியவன். "நானே போடறேன்" என்று கிளம்பினேன். இடித்த ஓட்டு வீட்டிலிருந்து அப்பா பழைய தேக்கு ரீப்பர் கொண்டுவந்து கொடுத்தார். தெருக்கோடி ஆசாரியிடம் இழைப்புளியும் ரம்பமும் இரவல். இழைத்து முடித்ததும் ரீப்பர் ஒன்றரை அங்குல அகலம்.

அரித்த ஓரங்களை வெட்டியதும் படம் ஒன்பதரைக்குப் பதிமூன்றரை அங்குலம். சட்டம் படத்தின் மேல் சுற்றிலும் கால் அங்குலம் ஏறி நிற்க வேண்டும். ஆகவே உள்வாய் 9க்கு 13. இரண்டு பக்கமும் ரீப்பரின் அகலத்தைச் சேர்த்தால் வெளி அளவு 12க்கு 16. கணக்கு சரி. பிறகு காம்பஸ் பாக்ஸ் பாகைமானியை வைத்து 45 டிகிரி குறித்து அறுத்தேன். மூன்று மூலை ஒருவாறு சேர்ந்தது. நான்காவது மூலை வாயைப் பிளந்துகொண்டு நின்றது!

யோசித்தபின்தான் புரிந்தது. நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு டிகிரி குறைந்தால், கடைசி மூலையில் எட்டு டிகிரியாகச் சேர்ந்து நிற்கும். ரீப்பர் பாழ். அப்பா முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. மறுநாள் வேலை விட்டு வரும்போது இன்னும் இரண்டு ரீப்பர் தோளில் இருந்தது. பழைய தினத்தாளைச் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை மடித்து நீட்டினார். "இத வெச்சு கோடு போடு. கோட்டு மேல அறுக்காத, கோடு மரத்துல நிக்கற மாதிரி வெளியே அறு. மிச்சத்த உப்புத்தாள்ல தேச்சுக்கலாம்." மடித்த காகிதத்தில் அச்சு அசலாக 45 டிகிரி!

நான்கு துண்டையும் ஃபெவிகால் வைத்துச் சேர்த்தேன். கிளாம்ப் ஏது? சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார் அப்பா. மூலைகள் இறுகின. முடிந்தது என்று நான் எழுந்தேன். "இரு, நாலு பக்கமும் சரியா இருந்தா பத்தாது. குறுக்க அளந்து பாரு" என்றார். அளந்தேன். ஒரு பக்கம் இருபதே கால், மறுபக்கம் பத்தொன்பதே முக்கால். சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்திருந்தது! நீளமாக இருந்த மூலைகளை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். இரண்டும் சரியாக இருபது.

"வூட்டுக்கு மூலை எடுக்கறப்ப மூணடி, நாலடி, குறுக்க அஞ்சடி. எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தது" என்றார். 12, 16, 20... நான்கால் வகுத்தால் அதே மூன்று, நான்கு, ஐந்து! "அப்பா, இது பிதாகரஸ் தேற்றம்" என்றேன். "யார்ரா அவரு? எந்த ஊரு மேஸ்திரி?" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அந்த விண்ணப்பம் ஞாபகம் வந்தது.

ராத்திரி முழுக்கக் காயவிட்டோம். காடி எடுக்கும் இழைப்புளி இல்லாததால், பின்பக்கம் உள்வாயிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெல்லிய பட்டியை ஆணியடித்தேன். அந்தப் படியில் கண்ணாடி, அதன் மேல் படம், அதற்கும் மேல் ஹார்ட்போர்டு. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஓரமெல்லாம் அட்டைப் பட்டி. சுவரின் ஈரம் தொடாமல் இருக்க, சட்டத்தின் கீழ் மூலைகளில் பழைய ஹவாய் செருப்பில் வெட்டிய இரண்டு ரப்பர் துண்டு. அதன் பின்னால் காற்று ஓடும். இது மட்டும் என் யோசனை! அப்பா ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்து, "பரவால்லையே" என்றார். ஷாப்பில் வாங்கிய மார்க்கைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

நண்பர்களே, நாமும் ஷாப்பில் ஜாயிண்ட் போடுகிறோம், மார்க் வாங்குகிறோம். வீட்டில் நமக்கு முன்பே அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இந்த வருட உதவித்தொகை விண்ணப்பத்தில் 'கொத்தனார்' என்று எழுதிவிட்டேன். பழையதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மலர் கைக்கு வந்ததும் இந்தக் கட்டுரையை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டப் போகிறேன். 'விவசாயம்' என்று வரும் வரியைத் தாண்டிப் போகாமல் படிக்க வேண்டும். ஆயாவின் முருகன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.