பதினொரு ஓடுகள்

பெரிய வேலைக்கு ஆள் கிடைப்பது எளிது. சிறிய வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிது. வீடு கட்டப் போகிறோம் என்று ஒருமுறை சொன்னால் போதும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலிருந்தும் மேசன்மார் வந்து நிற்பர். பெயர்ந்த ஆறு ஓடுகளைத் திருத்த வேண்டுமென்று சொல்லிப் பாருங்கள்; "நாளைக்கு வாறன் சேர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எமது விறாந்தையின் பீங்கான் தரையோடுகள் ('டைல்ஸ்' என்றால்தான் கடைக்காரருக்கு விளங்குகிறது) சென்ற சித்திரை வெயிலில் கூடாரம்போல் மேலெழுந்து பிளந்தன. எம் தாயார் நீரிழிவுக்காரர், வீட்டினுள் செருப்பணியாதவர். நீரிழிவு முற்றியோரின் பாதத்தில் உணர்ச்சி குன்றிவிடும். காயம் பட்டதே தெரியாமல் புண்ணாகி, விரலை இழந்தோரும் உண்டு. உடைந்த ஓட்டின் விளிம்போ கண்ணாடிச் சில்லுக்கு ஒப்பானது. சாக்கு விரித்து மூடிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்றிருக்க நம்மால் இயலவில்லை.

முதலில் வந்த இளைஞர் வாசலில் நின்றவாறே, "முழுத் தரையையும் கிண்டிப் புதிசாப் போடவேணும்" என்று கொந்தராத்துத் தொகையும் கூறிவிட்டார். படியைத் தாண்டாமலே தரையின் நோயறிந்த அவரது ஞானதிருஷ்டியை வியந்து வழியனுப்பி வைத்தோம்.

அடுத்து வந்தவர் காத்தான்குடியைச் சேர்ந்த முதியவர். 'நானா' என்றே அழைத்தோம். அவர் தொகை பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயக் குற்றியை எடுத்து ஓடு ஓடாகத் தட்டிச் சென்றார். பிடிப்புள்ள ஓடு இறுக்கமாய் ஒலித்தது; பிடிப்பற்றது வெறுங்குடம்போல் ஒலித்தது. பெயர்ந்த ஆறோடு மேலும் ஐந்தில் பென்சிலால் குறியிட்டார்.

"ஓட்டுல பிழையில்ல சேர். கீழ காத்து நிக்குது" என்று பெயர்ந்த ஓடொன்றைப் புரட்டிக் காட்டினார். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து சாந்து உருண்டைகள் மட்டும் வைத்து ஒட்டிய தடம் தெரிந்தது. சுவரோரத்தில் இடைவெளியே இல்லை. வெயிலில் விரிந்த ஓடு எங்கே போகும்? அடியில் வெள்ளையாய் உவரும் பூத்திருந்தது. வாவியோரத்துக் கிணறுகள் பலவற்றில் சவர் கலந்திருப்பதால், சாந்து குழைக்கக் குழாய்நீரே வேண்டுமென்றார்.

இரண்டு நாள் வேலை. பொருத்துக் கோடுகளை அறுத்து, உளியை ஓட்டின் நடுவில் வைத்து வெளிநோக்கிக் கொத்தினார். ஓரத்தில் தொடங்கினால் அயல் ஓடும் உடையுமாம். பழஞ்சாந்தைச் சுரண்டி, தரையை நனைத்து, ஊறவைத்த ஓடுகளை முழுச் சாந்துப் படுக்கையில் அமர்த்தினார். சுவரோரச் சாந்தை வெட்டி மெல்லிய இடைவெளியும் விட்டார்.

ஓடுதான் போதவில்லை. வீடு கட்டியபோது மனைவியார் எடுத்து வைத்த பெட்டியில் எட்டே இருந்தன. 2020ஆம் ஆண்டில் தரையோட்டு இறக்குமதி தடைப்பட்ட பின் கடைகளில் பழைய கோலங்கள் பல மறைந்தன. கிடைத்தாலும், பெட்டியிலுள்ள நிறத்தொகுதி எண் வேறாயின் சாயல் ஒத்துவராது. நானா சிறிது யோசித்து, எமது புத்தக அலுமாரியை நகர்த்தச் சொன்னார். அதனடியிலிருந்து மூன்று நல்ல ஓடுகளைச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்து, அங்கே கடையில் வாங்கிய வேறு நிற ஓடுகளைப் பதித்தார்.

தட்டிப் பார்த்த நாளுக்கு அவர் கூலி கேட்கவில்லை. அந்த நாளையும் சேர்த்து மூன்று நாட் கூலியாகவே கொடுத்தோம். முழுத் தரையைக் கிண்டும் செலவை மிச்சமாக்கியது அந்த நாள்தானே! மறுநாள் வரை மிதிக்கக் கூடாதென்று வாசலில் வாங்கைக் குறுக்கே போட்டுச் சென்றார். அன்று முழுவதும் தாயார் குசினி வழியாகவே நடமாடினார், நானாவையும் நம்மையும் சேர்த்து ஏசிக்கொண்டு.