படிவத்தில் இடமில்லாத உயிர்கள்

சமூகவியல் படித்த காலத்தில், செல்லப்பிராணி என்பது வசதியுள்ளவர்களின் சங்கதி என்றே நான் எண்ணியிருந்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதற்குச் சான்று கண்முன்னே இருந்தது. துரை பங்களா நாய்க்குப் பெயர் உண்டு, இறைச்சி உண்டு, குளிப்பாட்ட ஆளும் உண்டு. லயத்து நாய்க்கோ மிஞ்சிய ரொட்டியும், இஸ்தோப்பில் ஒரு சாக்கும்தான். அது மரக்கறிப் பாத்திக்கு வரும் காட்டுப்பன்றியை விரட்டும். பதிலுக்கு நாம் சோறு போடுவோம். இதில் அன்பு எங்கே வந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாயி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பின்னர் ஊவாத் தோட்டங்களில் அடைமழை பெய்தாலே எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். அப்படியொரு மழை இரவில், நமுனுகுல மலைப்பக்கத்து லயமொன்றிலிருந்து ஆட்களைப் பாடசாலைக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கடைசிக் காம்பராவில் அம்மாயி மட்டும் அசையவில்லை. அவர் காலடியில் ஒரு கிழட்டு நாய். நாயைக் கொண்டுவர முடியாது என்று நான் சொல்லியிருந்தேன்.

"ஒரு நாய்க்காக உயிரை விடப் போறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அம்மாயி கோபப்படவில்லை. "தருமரே நாயை உட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு நின்னாராம். நான் இஸ்கூலுக்குத்தானே போறேன்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நாயையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். பாடசாலையின் விறகுக் கொட்டிலில் அதைக் கட்டினோம். நல்லவேளை, அன்று மலை இறங்கவில்லை. ஆனால் விடிந்ததும் இன்னொன்றைப் பார்த்தேன். எங்கள் பேச்சைக் கேட்டுப் பிராணிகளை விட்டுவிட்டு வந்தவர்கள், மாட்டுக்குப் புல் போடவும் கோழியைத் திறந்துவிடவும் அதே ஆபத்தான மலைக்குத் திரும்ப ஏறினார்கள். அவர்களில் அதிகமானோர் பெண்கள்.

அன்று பகல் அம்மாயி தன் கதையைச் சொன்னார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவருடைய அண்ணன் குடும்பமும் ஒன்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு நாடுகளும் கணக்குப் போட்டன. நாய்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? அண்ணன் குடும்பம் ஏறிய லொறியின் பின்னால் அவர்களின் நாய் பதுளைக் கோச்சி நிலையம்வரை ஓடியதாம். "ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்து, பூட்டுன காம்பரா வாசல்ல படுத்துக்கிச்சு. நான் சோறு வச்சாலும் திங்கல" என்றார். அண்ணனை அதன் பிறகு அவர் காணவே இல்லை. நாயைப் பற்றிப் பேசிக்கொண்டே அண்ணனுக்காக அழுதார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிராணிகளை உலகம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. நேபாளத்தில் திஹார் பண்டிகையின் ஒரு நாள் நாய்க்கே உரியது. மாலை போட்டுப் பொட்டு வைப்பார்கள். முஸ்லிம் சகோதரிகளின் வீடுகளில் பூனை சுத்தமான பிராணி. நாயைக் காவலுக்கு வைத்தாலும் வீட்டுக்குள் விடுவதைத் தவிர்ப்பார்கள். நாம் மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம். கொரியாவில் நாயிறைச்சி உண்ணும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது; அதை நிறுத்தத் தென்கொரியா 2024இல் சட்டம் இயற்றியது. ஜப்பானில் 1925இல் எசமான் இறந்த பின்னும் ஹச்சிக்கோ என்ற நாய் சுமார் பத்து வருடங்கள் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்தது. அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பதுளையில் காத்திருந்த நாய்க்குச் சிலை இல்லை. அம்மாயியின் நினைவு மட்டுமே இருக்கிறது.

பிராணியை விட்டுவிட்டு வர மறுத்தது அம்மாயி மட்டுமல்ல. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளியின்போதும் பலர் அப்படியே வீட்டை விட்டு வெளியேற மறுத்தார்கள். மறு ஆண்டே, மக்களை அப்புறப்படுத்தும் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அம்மாயி ஒற்றை வரியில் சொன்னது அங்கே சட்டமாகியிருக்கிறது.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு இது புதிய கதையல்ல. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அக்கா, உறவினரைப் பார்க்கப் பதுளைக்கு வந்திருந்தார். 2009இன் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தபோது, பால் கறந்துகொண்டிருந்த பசுவின் கயிற்றை அறுத்துவிட்டுப் புறப்பட்டாராம். "எத்தனையோ பேர் மனுசரைப் பறிகொடுத்து நிக்கேக்க, மாட்டுக்கு அழுதா சிரிப்பினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றார். இத்தனை வருடங்களாக அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

அக்கா, நாங்கள் சிரிக்க மாட்டோம். வீடு போனால் சேத விபரம் எழுதப் படிவம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் ஓர் உயிர் போனால், அதை எழுத ஒரு கோடுகூட இல்லை. படிவத்தில் இல்லாதபடியால் அந்தத் துக்கம் பொய்யாகிவிடாது. சிலவேளை, பெரிய துக்கத்தைச் சொல்ல வாய் வராதபோது இந்தச் சிறிய துக்கமே கதவைத் திறக்கிறது.

இப்போது நான் வீடுகளுக்குப் போகும்போது என் கொப்பியில் ஒரு பத்தியைக் கூடுதலாக வரைந்துகொள்கிறேன். வீட்டில் என்னென்ன பிராணிகள், அவற்றின் பெயர் என்ன, நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, மழை வந்தால் எங்கே கட்டலாம் என்று கேட்டு எழுதுகிறேன். தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருந்தால், பாடசாலையில் மற்றவர்களும் பயப்படாமல் இடம் தருவார்கள். ஆகவே அந்த அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

அம்மாயியின் நாய்க்கு என்ன பெயர் என்று அந்த இரவில் நான் கேட்கவில்லை. மறுநாள்தான் கேட்டேன். அண்ணனின் நாய்க்கு இருந்த அதே பெயர்தான்: மணி.